டர்பனிலிருந்து ஜொஹானஸ்பர்க்குக்குக் குடிபோகிறவர் எந்த ஸ்கேனரை வாங்குவது?

கேள்வி இது: டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பழைய அனலாக் வானொலி ஸ்கேனர் (பல அலைவரிசைகளை மாறி மாறித் தேடிக் கேட்கும் பெறுவான்) ஒன்றில் துறைமுகப் பேச்சையும் விமானப் பேச்சையும் கேட்டு வந்த ஒருவர் வேலை மாற்றலாகி ஜொஹானஸ்பர்க்கின் லெனேசியாவுக்குப் போகிறார். பெருநகரம் என்பதால் டிஜிட்டல் ஸ்கேனர் தேவைப்படும் என்று நினைக்கிறார். யூனிடென் எஸ்டிஎஸ்100 மாதிரியை அமெரிக்காவிலிருந்து தருவிக்கலாமா என்று கேட்கிறார்.

எஸ்டிஎஸ்100 வேண்டாம். வீடு மாறும்வரை வேறு எதையும் வாங்கவும் வேண்டாம். பழைய ஸ்கேனரைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போங்கள். கூடவே ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (கணினியின் யூஎஸ்பியில் சொருகும் சிறு வானொலிப் பெறுவான்) ஒன்றும் மடிக்கணினியும் இருந்தால் போதும். புது வீட்டில் இரண்டு வாரம் அந்த ஊர் வானில் என்னென்ன அலைகள் வருகின்றன, எவை திறந்தவை, எவை பூட்டியவை என்று பாருங்கள். அதற்குப் பிறகு வாங்குவது பெரும்பாலும் நீங்கள் இப்போது நினைக்கும் விலையில் கால்பங்குகூட வராது. மிச்சப்படும் பணத்தை ஆன்டெனாவுக்குச் செலவிடலாம்.

இணையத்தில் ஸ்கேனர் பற்றி வரும் மதிப்புரைகள் பெரும்பாலும் அமெரிக்கர்கள் எழுதுபவை. அவர்கள் ஊருக்கு அவை சரி. அங்கே பெருநகரக் காவல்துறையும் தீயணைப்புத்துறையும் பி25 என்ற டிஜிட்டல் முறைக்கு மாறியிருக்கின்றன. ஒரே அலைவரிசையை நகரெங்கும் பல கோபுரங்கள் ஒரே நேரத்தில் ஒலிபரப்புகின்றன. இதை அங்கே சைமல்காஸ்ட் என்பார்கள். ஒரே செய்தி பல கோபுரங்களிலிருந்து நூலிழை நேர வித்தியாசத்தில் வந்து சேரும்போது, பழைய டிஜிட்டல் ஸ்கேனர்கள் குழம்பிப்போய்ப் பேச்சைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். அந்தச் சிக்கலைத் தீர்க்க 2018இல் வந்ததுதான் எஸ்டிஎஸ்100. அங்கே 600, 700 டாலர் கொடுப்பதற்கு அது நியாயமான காரணம். நம் தென்னாப்பிரிக்காவில் அந்தச் சிக்கலே கிடையாது என்னும்போது அதற்கான மருந்துக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?

அந்த மாதிரியின் இன்னொரு பெரிய வசதி, அஞ்சல் குறியீட்டைத் தட்டினால் அந்த ஊர் அலைவரிசைகளைத் தானே எடுத்துக்கொள்வது. அந்தத் தரவுத்தளம் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் மட்டும்தான். லெனேசியாவின் குறியீட்டைத் தட்டினால் ஒன்றும் வராது. ஒவ்வொரு அலைவரிசையையும் நீங்களே கணினி வழியாக ஏற்ற வேண்டும். டிஎம்ஆர், என்எக்ஸ்டிஎன் ஆகிய டிஜிட்டல் வானொலி முறைகளைக் கேட்கும் வசதிக்கும் தனித்தனியாகக் கட்டணம் கட்டித் திறவுகோல் வாங்க வேண்டும். அது அடிப்படை விலையில் அடங்காது.

இனி, ஜொஹானஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்தின் நிலை. தென்னாப்பிரிக்கக் காவல்துறை இந்த மாகாணத்தில் டெட்ரா முறையில் பேசுகிறது. டெட்ரா 25 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலையை நான்கு நேரத்துண்டுகளாகப் பிரித்து நான்கு பேச்சுகளை ஓட்டும் ஐரோப்பிய முறை. அவசரச் சேவைகளுக்கு 380 முதல் 400 மெகாஹெர்ட்ஸ் வரை ஒதுக்குவது வழக்கம். யூனிடெனின் எந்த ஸ்கேனரும் டெட்ராவைப் பிரித்துக் கேட்காது. ஏஓஆர் நிறுவனத்தின் ஏஆர்-டிவி10 போன்ற சில பெறுவான்கள் கேட்கும், அதுவும் மறையாக்கம் செய்யப்படாத டெட்ராவை மட்டும். மறையாக்கம் செய்த பேச்சை எந்த விலை கொடுத்து வாங்கிய ஸ்கேனரும் திறக்காது. விற்பவர் “மென்பொருள் புதுப்பித்தால் வரும்” என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

சட்டத்தையும் இங்கேயே பேசிவிட வேண்டும், ஏனென்றால் கருவித் தேர்வே இதைப் பொறுத்தது. 2005ஆம் ஆண்டின் 36ஆம் எண் மின்னணுத் தொடர்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, அலைவரிசை உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவதை மட்டுமன்றி வானொலிக் கருவியால் பெறுவதையும் தடுக்கிறது. விலக்குகளை நாட்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ஐகாசா விதிகளாக வெளியிடுகிறது. 2002ஆம் ஆண்டின் 70ஆம் எண் சட்டம், அதாவது சிம் அட்டைப் பதிவால் எல்லோருக்கும் தெரிந்த ரிக்கா, பிறருடைய தொடர்புகளை வேண்டுமென்றே இடைமறிப்பதைக் குற்றமாக்குகிறது. ஆகவே காவல்துறை, ஆம்புலன்ஸ், தனியார் பாதுகாப்பு நிறுவனம் ஆகியவற்றின் பேச்சைக் கேட்கும் நோக்கத்தில் கருவி தேடாதீர்கள். விமானப் பேச்சு திறந்த அலையில் வருவதாலேயே அதற்கு விதி பொருந்தாது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எதைக் கேட்க விரும்புகிறீர்கள் என்பதை ஐகாசாவுக்கு எழுதிக் கேட்டு, பதிலைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் கருவிக்கு வகை ஒப்புதல் (அந்த மாதிரிக் கருவியை இங்கே பயன்படுத்தலாம் என்ற அனுமதி) என்ற தனிக் கேள்வியும் உண்டு. அது இல்லாமல் வரும் பொதி சுங்கத்தில் நின்றுபோகலாம்.

இதற்கெல்லாம் நேர்வழி அமெச்சூர் உரிமம், அதாவது பொழுதுபோக்காக வானொலியில் பேசுவோருக்கான உரிமம். தென்னாப்பிரிக்க வானொலிக் கழகம் நடத்தும் தேர்வு ஆண்டுக்கு இருமுறை, மே மாதத்திலும் அக்டோபரிலும் நடக்கும். தொடக்க நிலை உரிமத்துக்கு இசட்யூ என்று தொடங்கும் அழைப்புக்குறி, முழு உரிமத்துக்கு இசட்எஸ். குவாஸூலு-நட்டால் 5ஆம் பகுதி, கௌட்டெங் 6ஆம் பகுதி. உரிமம் பெற்றால் கேட்பதோடு நிற்காமல் பேசவும் செய்யலாம். அதைவிட முக்கியமாக, அந்த ஊர் அலைகளைப் பல ஆண்டுகளாக அறிந்தவர்களின் தொடர்பு கிடைக்கும். மேற்கு ராண்டிலும் பிரிட்டோரியாவிலும் நல்ல சங்கங்கள் இருக்கின்றன. லெனேசியாவிலிருந்து மேற்கு ராண்ட் அருகில்.

அக்கம்பக்கத்துப் பாதுகாப்புக்காகக் கேட்க நினைத்தால், அதற்கு ஸ்கேனர் சரியான கருவியே அல்ல. தெருவின் சமூகக் காவல் மன்றத்தில் சேருங்கள். அவர்களுடைய அலைவரிசையிலேயே அவர்கள் அனுமதியோடு ஒரு கைவானொலி கிடைக்கும். இப்போது பல குழுக்கள் கைபேசி வலைப்பின்னல் வழியாகப் பேசும் கருவிகளுக்கு மாறிவிட்டன. அவை எந்த ஸ்கேனரிலும் விழாது.

சரி, கேட்க என்னதான் இருக்கிறது? டர்பனில் உங்கள் ஸ்கேனர் பாதி நேரம் 156 முதல் 162 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள கடல் அலைவரிசையில்தான் நின்றிருக்கும்: 156.800இல் 16ஆம் வாய்க்கால் (சேனல்), துறைமுகக் கட்டுப்பாடு, இழுவைப் படகுகள். ஜொஹானஸ்பர்க் கடலிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த நினைவகங்களை அழித்துவிட்டு வேறு வேலைக்குப் பயன்படுத்துங்கள்.

இழப்புக்கு ஈடாக விமான அலைவரிசை வந்து நிற்கும், அதுவும் தாராளமாக. 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை, ஏஎம் முறை. ஓஆர் டாம்போ, லன்சீரியா, ஜெர்மிஸ்டனில் ராண்ட், மிட்ராண்டில் கிராண்ட் சென்ட்ரல், பிரிட்டோரியாவில் வண்டர்பூம் என்று ஒரே வட்டாரத்தில் இத்தனை விமான நிலையங்கள் நாட்டில் வேறெங்கும் கிடையா. லெனேசியாவுக்குத் தென்மேற்கே சைஃபர்ஃபொன்டெய்னில் உள்ள பாரக்வனாத் விமானத்திடலில் சிறுவிமானங்கள் பறக்கும். வாரக் கடைசியில் அங்கே பேச்சு மிகுதி. கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத திடல்களில் விமானிகள் தங்களுக்குள் நிலையை அறிவித்துக்கொள்ளும் பொது அலைவரிசை 124.8. உலகப் பொது அவசர அலைவரிசை 121.5.

ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கருவி பழுதென்று நினைப்பீர்கள். விமானி பேசுவது தெளிவாக வரும், தரையிலிருந்து பதில் வராது. இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் வானொலி அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். 3,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்துக்கு அது 226 கிலோமீட்டர். கூரையில் 6 மீட்டரில் உங்கள் ஆன்டெனாவுக்கு 10, தரைநிலையத்தின் ஆன்டெனா 50 மீட்டரில் இருந்தால் அதற்கு 29; கூட்டினால் 39. லெனேசியாவிலிருந்து ஓஆர் டாம்போ நேர்கோட்டில் ஏறக்குறைய 45 கிலோமீட்டர், நடுவே கிளிப்ரிவியர்ஸ்பெர்க் மேடும் உண்டு. ஆகவே ஒருபக்கப் பேச்சுதான் வழக்கமாக இருக்கும். இதற்காக விலையுயர்ந்த ஸ்கேனர் வாங்கிப் பயனில்லை. ஆன்டெனாவை 6 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்கு உயர்த்துவது அதைவிட நல்ல பலன் தரும்.

அமெச்சூர் அலைவரிசை 144 முதல் 146 வரையும் 430 முதல் 440 வரையும். முதல் பட்டையின் (2 மீட்டர் அலைநீளம்) ரிப்பீட்டர்கள், அதாவது வந்த பேச்சை வாங்கி மீண்டும் ஒலிபரப்பும் நிலையங்கள், 145.600க்கு மேல் ஒலிபரப்பும், உள்வாங்குவது 600 கிலோஹெர்ட்ஸ் கீழே. 144.800இல் ஏபிஆர்எஸ் (அமெச்சூர்கள் தங்கள் இருப்பிடத்தை அறிவிக்கும் முறை) தரவுச் சத்தம், 145.800இல் சர்வதேச விண்வெளி நிலையம் கடந்துபோகும்போது அதன் குரல். புது வீட்டில் ஆன்டெனா சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க நல்ல நேரம் ஞாயிறு காலை: வானொலிக் கழகத்தின் செய்தி 8.15க்கு ஆஃப்ரிகான்ஸிலும் 8.30க்கு ஆங்கிலத்திலும் ரிப்பீட்டர்களில் அஞ்சலாகும். எத்தனை ரிப்பீட்டர்களில் அதே குரல் கேட்கிறதோ, அத்தனை திசைகளுக்கு உங்கள் ஆன்டெனா எட்டுகிறது.

டாங்கிளை வைத்து ஆய்வது இப்படி. ஆர்டிஎல்-எஸ்டிஆர் ஒரே நேரத்தில் ஏறக்குறைய 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைத் திரையில் காட்டும். எஸ்டிஆர் பிளஸ்பிளஸ் போன்ற இலவச மென்பொருள் போதும். விமான அலைவரிசை முழுவதையும் எட்டு சாளரங்களில் பார்த்துவிடலாம். தானியங்கி ஒலிப்பெருக்கத்தை அணைத்துவிட்டு, கெய்ன் அளவைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். திரையின் அடிமட்ட இரைச்சல் எழும்பத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஏற்றினால் அலை தெளிவாகாது, இல்லாத நிலையங்கள்தான் தோன்றும்.

வடிவத்தைப் பார்த்தே முறையை அடையாளம் காணலாம். நடுவில் நிலையான கோடும் இருபுறமும் பேச்சுக்கேற்ப அசையும் சிறகும் இருந்தால் ஏஎம். பேசும்போது மட்டும் அகலும் குறுகிய பட்டை அனலாக் எஃப்எம். 12.5 கிலோஹெர்ட்ஸ் வாய்க்காலில் தட்டையாக நின்று, கைவானொலி நேரடியாகப் பேசும்போது நொடிக்குப் பதினாறு பதினேழு முறை துடிப்பது டிஎம்ஆர். 25 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் செங்குத்தான ஓரங்களோடு இரவும் பகலும் அசையாமல் நிற்கும் கட்டை டெட்ரா. வடிவத்தைப் பார்ப்பதோடு நிறுத்துங்கள். உங்களுக்கு அனுமதியில்லாத பேச்சை மென்பொருளால் பிரிக்கப் போனால் மேலே சொன்ன சட்டம் குறுக்கே வரும். இரண்டு வார முடிவில் ஒரு தாளில் நீங்கள் கேட்கக்கூடிய, கேட்க விரும்பும் அலைவரிசைகளை எழுதினால், கிட்டத்தட்ட எல்லாமே அனலாக்காக இருக்கும்.

டாங்கிள் தடுமாறும் ஓர் இடம் உண்டு. பிரிக்ஸ்டனில் 237 மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து பண்பலை நிலையங்கள் பெரும் சக்தியில் வருகின்றன. இந்தச் சத்தத்தில் மலிவான பெறுவானின் முகப்பு திணறிப்போகும். 120 மெகாஹெர்ட்ஸில் விமானிக்குப் பதிலாகப் பாட்டு கேட்கும். இதற்கு 88 முதல் 108 வரை தடுக்கும் பண்பலை வடிகட்டி ஒன்றை ஆன்டெனாவுக்கும் டாங்கிளுக்கும் நடுவே போட்டால் போதும். அலையைப் பெருக்கும் பெருக்கி (ஆம்ப்ளிஃபையர்) வாங்கிப் போடுவது நோயை வளர்க்கும். நகரத்தில் பெருக்கி வேண்டவே வேண்டாம். எஸ்டிஎஸ் வகை ஸ்கேனர்களும் இந்தத் திணறலுக்குப் பேர்போனவை. அதனால்தான் அவற்றில் அத்தனை வடிகட்டி அமைப்புகளைக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆன்டெனாவை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். 7,125ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலை நீளம் சென்டிமீட்டரில் வரும்: 125க்கு 57, 145க்கு 49. இரண்டையும் கேட்க வேண்டுமென்றால் 54 வைத்துக்கொள்ளுங்கள், பெறுவதற்கு அது தாராளம். நான்கு மூலைகளில் துளையுள்ள எஸ்ஓ-239 இணைப்பான் ஒன்று, 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்பு அல்லது பித்தளைக் கம்பி மூன்று மீட்டர், எம்3 திருகுகள் நான்கு. நடு முனையில் 54 சென்டிமீட்டர் கம்பியை நிமிர்த்திப் பற்றவையுங்கள். நான்கு மூலைகளிலும் 57 சென்டிமீட்டர் கம்பிகளைத் திருகி 45 பாகை கீழே வளையுங்கள். வளைக்காமல் விட்டால் மின்மறுப்பு (இம்பிடன்ஸ்) ஸ்கேனருக்குப் பொருந்தும் 50 ஓமுக்குக் கீழே போய்விடும். பற்றவைத்த இடத்தை மூட காடி வாசனை அடிக்கும் சிலிக்கோனைப் பயன்படுத்தாதீர்கள். அதிலிருந்து வரும் அசிட்டிக் அமிலம் செம்பைப் பச்சையாக அரித்துவிடும். வாசனையற்ற நடுநிலை வகையைக் கேட்டு வாங்குங்கள்.

கம்பிவடத்துக்கு டிஎஸ்டிவி செயற்கைக்கோள் தொலைக்காட்சித் தட்டுக்குப் போடும் ஆர்ஜி-6 போதும். அது 75 ஓம், ஸ்கேனர் 50 ஓம் என்று கவலைப்பட வேண்டாம். அந்தப் பொருத்தமின்மையால் போவது 0.2 டெசிபல்தான். மெல்லிய ஆர்ஜி-58 வடமோ 450 மெகாஹெர்ட்ஸில் 10 மீட்டருக்கு 3 டெசிபலுக்கு மேல் தின்றுவிடும், அதாவது வந்த அலையில் பாதி. ஆர்ஜி-6 அதே நீளத்தில் 1.5 டெசிபலுக்குள் நிற்கும். வீட்டில் பழைய தட்டுக்கம்பி கூரைவரை போயிருந்தால் அதையே பயன்படுத்தலாம். எஃப் இணைப்பானிலிருந்து ஸ்கேனரின் பிஎன்சிக்கோ எஸ்எம்ஏவுக்கோ மாற்றும் துண்டும், ஆன்டெனா பக்கம் பிஎல்-259க்கு மாற்றும் துண்டும் வேண்டும்.

டர்பனில் இடி மின்னலைப் பற்றி இவ்வளவு யோசித்திருக்க மாட்டீர்கள். ஜொஹானஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் அக்டோபர் முதல் மார்ச் வரை பிற்பகலில் இடிமழை அன்றாடம் போல வரும். கூரை ஆன்டெனாவின் கம்பம் தடித்த செம்புக்கம்பியால் நேராக மண்ணில் இறங்க வேண்டும். அந்த நிலத்தொடர்பு வீட்டின் மின் நிலத்தொடர்போடு இணைந்திருக்க வேண்டும். இரண்டும் தனித்தனியாக இருந்தால், அருகில் விழும் மின்னல் அவற்றுக்கிடையே உண்டாக்கும் மின்னழுத்த வேறுபாடு உங்கள் ஸ்கேனர் வழியாகத்தான் பாயும். இந்த இணைப்பைப் பதிவுபெற்ற மின்பணியாளரிடம் விடுங்கள். மேகம் கட்டும்போதே வடத்தைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே விட்டுவிடுங்கள். தடுப்பான் பொருத்தியிருந்தாலும் இந்தப் பழக்கத்தை விடக் கூடாது.

இரைச்சலுக்கு இன்னொரு காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கும். மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டரும் சூரியத் தகடுகளின் மின்மாற்றியும் எல்இடி விளக்குகளும் விமான அலைவரிசையில் சீறும். கண்டுபிடிக்க எளிய வழி: ஸ்கேனரை மின்கலத்தில் ஓடவிட்டு, மின்பலகையில் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணையுங்கள். எதை அணைக்கும்போது சீற்றம் நிற்கிறதோ, அந்தக் கருவியின் கம்பியில் 43 வகை ஃபெரைட் வளையங்களைக் கருவிக்கு நெருக்கமாகப் போடுங்கள். கம்பியை வளையத்துக்குள் மூன்று நான்கு சுற்று சுற்றினால்தான் பலன் தெரியும்.

கடைசியில் எதை வாங்குவது? பழைய ஸ்கேனர் விமான அலைவரிசையை ஏஎம்மில் கேட்கிறது, திரை தெரிகிறது, பொத்தான்கள் வேலை செய்கின்றன என்றால் எதுவும் வாங்க வேண்டாம். புதிது வேண்டுமென்றால் யூனிடென் பிசி125ஏடி, அல்லது அதன் ஐரோப்பிய வடிவமான யூபிசி125எக்ஸ்எல்டி. இரண்டிலும் 500 நினைவகங்கள். இரண்டும் கிடைத்தால் ஐரோப்பிய வடிவத்தையே எடுங்கள். நம் அலைவரிசைப் பகிர்வும் வாய்க்கால் இடைவெளிகளும் ஐரோப்பாவைப் பின்பற்றுபவை. அமெரிக்க வடிவத்தில் 380க்கும் 400க்கும் நடுவே ஓட்டை இருப்பது ஒரு குறையல்ல. அங்கே இருப்பது டெட்ராதான். இந்த மாதிரியின் மின்கலப் பெட்டிக்குள் சிறு சுவிட்சு ஒன்று உண்டு: சாதாரண மின்கலமா, மீள்மின்னேற்ற மின்கலமா என்று சொல்வதற்கு. சாதாரண மின்கலத்தைப் போட்டுவிட்டு சுவிட்சை மீள்மின்னேற்றத்தில் விட்டு யூஎஸ்பியில் சொருகினால், மின்கலம் கசிந்து கருவியின் உள்ளே அரித்துவிடும்.

மேசை மாதிரி ஏதாவது அமெரிக்காவிலிருந்து வந்தால் அதன் மின்மாற்றியைப் புரட்டிப் பாருங்கள். 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் சரி. 120 வோல்ட் மட்டும் என்றால் நம் 230இல் சொருகிய மறுகணம் கருகிவிடும். அதைத் தூர வைத்துவிட்டு, கருவியின் பின்புறத்தில் குறித்துள்ள மின்னழுத்தத்துக்கும் முனைத் திசைக்கும் பொருந்தும் மின்மாற்றியை இங்கேயே வாங்குங்கள்.

டிஎம்ஆர் வசதி ஒரே ஒரு சூழலில்தான் தேவைப்படும்: அமெச்சூர் உரிமம் எடுத்து, அந்த ஊர் டிஎம்ஆர் ரிப்பீட்டர்களில் சேர விரும்பினால். அப்போதும் ஸ்கேனருக்குப் பணம் கட்டாதீர்கள். பேசவும் கேட்கவும் கூடிய டிஎம்ஆர் கைவானொலியே எஸ்டிஎஸ்100 விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கும். வகை ஒப்புதல் பெற்றதாகப் பார்த்து, உரிமம் கைக்கு வந்த பிறகு வாங்குங்கள்.